ஷ்பீரோ காட்டிய பச்சை வெளிச்சம்

மகள் நெவென்கா டப்ளினுக்கு வேலைக்குப் போய் மூன்று வருடம் கழித்து முதல் தடவையாகக் கிறிஸ்துமஸுக்கு வருகிறாள் என்றதும் ஷ்பீரோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையிலேயே கணவாய் வாங்கிவந்து, அதன் மையில் அவளுக்குப் பிடித்த கறுப்புச் சோறு ஆக்கி வைத்துவிட்டார்.

அந்தி நேரம். மாடியில் நின்றவர் கண்ணில், ஊரையொட்டிய கஷ்டெலா வளைகுடாவின் மேல் தாழ்ந்து வரும் மகளின் விமானம் பட்டது. ஷ்பீரோ கூரை வேலைக்காரர். பிசகிய ஓடுகளை ஆட்களுக்குக் காட்டுகிற பச்சை லேசர் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். அதை எடுத்து விமானத்தை நோக்கி ஆட்டினார்.

தரையைத் தொடப்போன விமானம் உறுமிக்கொண்டு மறுபடி மேலேறியது. கால்மணி நேரம் சுற்றிவிட்டுத்தான் இறங்கியது. ஷ்பீரோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நெவென்கா வெளிறிய முகத்தோடு வந்து சேர்ந்தாள்.

"எவனோ விமானி கண்ணுல லேசர் அடிச்சிருக்கான்பா. இறங்கும்போது பணிப்பெண் சொன்னா. கீழ ஒரு புள்ளிதான், மேல விமானத்து முன்கண்ணாடி பூரா பரவிடுமாம். ஓடுபாதையே தெரியலையாம். பக்கத்து சீட்டு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஜெபம் பண்ணிட்டே வந்தாங்க. எந்தப் பாவியோ!"

ஷ்பீரோ கரண்டியைக் கீழே வைத்தார். "நாந்தாம்மா அந்தப் பாவி."

அவள் சிரித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"உனக்குக் கை காட்டுற மாதிரி நெனச்சேன்."

 நெவென்கா அவர் தட்டில் சோற்றை வைத்தாள். "சாப்பிடுங்க. அப்புறம் போலீசுக்குப் போவோம்."

"நீ எதுக்கு? பண்ணுனவன் நானு."

"தனியா விட்டா அங்க எவனுக்காச்சும் விளக்குக் காட்டுவீங்க."

பிப்ரவரியில் விசாரணை. நெவென்கா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். விமானத்தில் நூற்று நாற்பது பேர் இருந்தார்கள் என்றார் அரசு வக்கீல். வலது கண் எரிச்சலால் ஒன்பது நாள் பறக்க முடியவில்லை என்றாள் விமானி கொரால்கா. எட்டு மாதச் சிறை என்று தீர்ப்பானது. தானாக வந்து ஒப்புக்கொண்டதால் அதை நிறுத்திவைத்தார்கள். இரண்டு வருடத்துக்குள் வேறு வழக்கில் சிக்கினால் உள்ளே போகவேண்டும். அபராதமும் உண்டு. லேசர் பறிமுதல்.

வெளி வராந்தாவில் ஷ்பீரோ கொரால்காவின் முன்னால் போய் நின்றார்.

"கண்ணு இப்ப எப்படிம்மா இருக்கு?"

"பரவால்லங்க. வெயில்ல மட்டும் கொஞ்சம் கூசுது."

"மன்னிச்சிரும்மா. என் பொண்ணு அதுல வந்தா..."

"கோர்ட்ல சொன்னாங்க. எங்கம்மாவும் அன்னிக்கு எனக்காக வீட்டுல காத்துட்டுத்தான் இருந்தாங்க."

ஷ்பீரோ சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். கொரால்கா அவரையே பார்த்தாள். "உங்க வீடு எங்க?"

"மாதா கோயிலுக்குப் பின்னால. சிவப்பு ஓட்டு வீடு."

"மேலருந்து பாத்தா இந்த ஊர்ல எல்லாமே சிவப்பு ஓடுதான் ஐயா."

அழுகையோடு சேர்ந்து சிரிப்பும் வந்துவிட்டது அவருக்கு. நெவென்கா கைக்குட்டையை நீட்டினாள்.

ஈஸ்டருக்கு அவள் வந்தபோது, ஷ்பீரோ இரண்டு மணி நேரம் முன்னாலேயே பஸ் ஏறிப் போய் விமான நிலைய வாசலில் நின்றுகொண்டிருந்தார்.