சாயக்காரத் தெருவுக்கு இரண்டு பேர்

தையல்நாயகி ஒரு வாரமாகத் தேடிச் சேர்த்த வழி, நோட்டில் நான்கே வரியில் அடங்கியிருந்தது. மரக்காணத்தில் ஒன்பதே முக்கால் பஸ். அஜந்தா சிக்னலில் இறங்க வேண்டும். மிஷன் வீதியில் தெற்கே நடக்க வேண்டும். இடது கைப்பக்கம் ஆறாவது தெரு, சாயக்காரத் தெரு. மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் மேரிசெல்வியின் போனில் ஊர்ப் படத்தைப் பெரிதாக்கி எண்ணியபோது முதலில் ஆறு வந்தது, அடுத்து ஏழு வந்தது, அப்புறம் இரண்டு முறை ஆறு வந்தது. ஆறு என்று எழுதிவிட்டாளே தவிர, அந்த ஏழு அவளை விட்டபாடில்லை.

அண்ணியும் கூட வருவாள் என்பதை மட்டும் அவள் எழுதியிருக்கவில்லை.

பாண்டிச்சேரியின் பழைய நகரத்தில், அந்தத் தெருவில், ஒரு பழங்காலத்து வீட்டை விடுதியாக்கியிருந்தார்கள். வரவேற்பு மேசையில் உட்கார ஓர் ஆள் தேவை. ஒரே ஓர் ஆள். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்குள் வாசலில் வந்து பெயர் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு கதவு திறக்காது. தையல்நாயகி போன் நம்பரைக் காலண்டரில் குறித்து வைத்தாள். இரண்டு நாள் கழித்து அண்ணன் பெண்டாட்டி சுலோசனா அதே நம்பருக்கு அடித்துத் தன் பெயரையும் கொடுத்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலும் இருவரும் நாலு மணிக்கே உப்பளத்தில் இறங்கி, ஒரே பாத்தியில் எதிரெதிரே நின்று எட்டரை வரை உப்பு வாரினார்கள். வீட்டுக்கு வந்து ஒருத்தி குளிக்கும்வரை ஒருத்தி காத்திருந்து குளித்து, வெளுத்த துணி உடுத்தி, ஒரே பஸ்ஸுக்கு நின்றார்கள்.

கண்டக்டர் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தார். வெடித்து வெளுத்த விரலிடுக்குகள் போதும் அவருக்கு.

"உப்பளமா? பின்னாடி போய் நில்லுங்க. சீட்டு ரெக்சின் இப்பதான் மாத்துனது."

"குளிச்சிட்டுதான் சார் வர்றோம்" என்றாள் சுலோசனா.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

தினமும் உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்டப் பின்படிக்கட்டுப் பக்கம் நின்று போகிற பழக்கம் அவர்கள் இருவருக்கும் உண்டு. அந்தக் கால்கள் தாமாகவே அங்கே போய் நின்றன. ஐந்து சீட்டு காலியாக இருந்தது.

அனுமந்தை தாண்டியதும் தையல்நாயகி சொன்னாள். "அந்த நம்பரு நான் எழுதி வச்சது."

"காலண்டர்ல எழுதி வச்சா ஊட்ல இருக்கறவங்க பாக்கத்தான் செய்வாங்க. ஒளிச்சில்ல வச்சிருக்கணும்."

"உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே, அண்ணி."

"வாய் இருக்குது. வர்றவங்களை வாங்கன்னு கூப்பிடறதுக்கு வாய்தான் வேணும். உன்னை உன் பேர் கேட்டாலே ரெண்டு தரம் யோசிப்ப."

உண்மை என்பதால் அது சுருக்கென்று தைத்தது. சுலோசனா கம்பியைப் பிடித்தபடி வலது காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். குதிகாலில் இருந்த புண் மாசியிலிருந்து ஆறவில்லை. ஆறு மாசம் உப்புத்தண்ணியில் கால் வைக்காதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்ன மறுநாளும் அவள் பாத்தியில் இறங்கினாள். தையல்நாயகிக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததை அன்றைக்கு அவள் நினைக்க விரும்பவில்லை.

முத்தியால்பேட்டையிலேயே தையல்நாயகி, "அஜந்தா சிக்னல் நிறுத்துங்க சார்" என்று சொல்லிவிட்டாள். கண்டக்டர் காதில் விழுந்ததா என்று சந்தேகம். இன்னொரு முறை சொன்னால் எரிந்து விழுவாரோ என்றும் சந்தேகம். சிக்னலில் பச்சை விழுந்தது. பஸ் நிற்காமல் வளைந்து போனது.

"சார், இறங்கணும்" என்றாள்.

"பச்சை உழுந்தா எவன் நிறுத்துவான்? முன்னாடியே எழுந்து வரணும். இனிமே ஸ்டாண்டுதான்."

பின்னால் நில்லுங்கள் என்று சொன்னவரே முன்னால் வரச் சொல்கிறார். சுலோசனா கண்டக்டரைப் பார்க்காமல் தையல்நாயகியைப் பார்த்துச் சிரித்தாள். "நாலு வரி எழுதினியே, ரெண்டாவது வரியே போச்சா?"

பஸ் ஸ்டாண்டு நகரத்துக்கு மேற்கே, வெகுதூரத்தில் இருந்தது. அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து அண்ணா சாலையில் இறங்கியபோது மணி பதினொன்றே முக்கால். வடக்கிலிருந்து எண்ணிய ஆறாவது தெருவை இந்தப் பக்கத்திலிருந்து எப்படி எண்ணுவது? நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அதில் வேறு வரி முளைக்கவில்லை.

ஆட்டோக்காரரிடம் கேட்டார்கள். "நூத்தம்பது. உக்காரு." தெரு எங்கே என்று மட்டும் சொல்லுங்கள் என்றதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செருப்புக் கடைக்காரர், "போன்ல போட்டுப் பாரும்மா, கடையை மறைக்காத" என்றார். இரண்டு பேரிடமும் இருந்தது பட்டன் போன். பூக்கட்டிக்கொண்டிருந்த பெண், "மார்க்கெட்டுக்குள்ள பூந்து அந்தாண்ட போ" என்று சொல்லித் தலையை ஆட்டினாள். எந்தப் பக்கமாக ஆட்டினாள் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

பெரிய மார்க்கெட்டுக்குள் புகுந்து, வெங்காய மூட்டைகளையும் மீன் தண்ணீரையும் தாண்டி, நாலைந்து இடத்தில் திரும்பி வெளியே வந்தபோது திசை போய்விட்டது. சித்திரை வெயில் நடு உச்சியில் நின்றது. நிழல் காலடிக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. கிழக்கு எது, மேற்கு எது என்று சொல்ல வானத்தில் ஒன்றுமில்லை.

"ஆங், காத்து எழும்பிடுச்சி" என்றாள் சுலோசனா. கழுத்தை நிமிர்த்தி நின்றாள். உப்பளத்தில் இந்த நேரத்துக்கு அப்படித்தான் எல்லாரும் நிமிர்வார்கள். பகலில் எழும்பும் காற்று கடலிலிருந்துதான் வரும். "மிஷன் வீதி கடல் பக்கம்தானே? காத்து மூஞ்சில அடிக்கிற மாதிரி நட."

தையல்நாயகிக்கும் அது சரி என்று பட்டது. நோட்டு ஒருமுறை பொய்த்துவிட்ட பிறகு, பிறந்தது முதல் தெரிந்த காற்றை நம்பாமல் எதை நம்புவது? இருவரும் காற்றுக்கு முகம் காட்டி நடந்தார்கள். காற்று ஒரு சந்தில் நேராக வந்தது, அதில் போனார்கள். அடுத்த முனையில் இடப்பக்கம் வந்தது, இடப்பக்கம் திரும்பினார்கள். இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே சுவர்கள். ஒரு பெரிய ஜவுளிக்கடையின் முதுகுப் பக்கம் சுற்றி, மறுபடி திரும்பி, பன்னிரண்டு ஐந்துக்கு ஓர் அகலமான சாலைக்கு வந்தார்கள். எதிரே அதே ஆட்டோக்காரர். அவர்களைப் பார்த்துவிட்டுப் பீடியைக் கீழே போட்டார்.

"இப்ப இருநூறு" என்றார்.

உப்பளத்தில் காற்றைத் தடுக்க உப்புக் குவியலைவிட உயரமாக எதுவும் கிடையாது. அங்கே அது வந்த வழியே வரும். இங்கே சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, எந்தச் சந்தில் இடம் கிடைத்ததோ அதில் வருகிறது. தையல்நாயகிக்கு இது புரிந்தது. சுலோசனாவுக்குப் புரியவில்லை. "எங்கயோ ஒரு திருப்பம் தப்பாயிடுச்சி, வா" என்று மறுபடி மார்க்கெட் பக்கம் நடந்தாள்.

அப்போதுதான் தையல்நாயகி தெருவோரச் சாக்கடையைக் கவனித்தாள். ஒரு வாழைப்பூ மடல் மிதந்து போய்க்கொண்டிருந்தது. மெதுவாக, ஆனால் நிற்காமல். பாத்திக்குப் பாத்தி மடை திறந்து தண்ணீர் விட்டுப் பழகிய கண்ணுக்கு, தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்ததும் தெரியும். இந்த ஊர்ச் சாக்கடையெல்லாம் நடுவிலுள்ள பெரிய வாய்க்காலில் போய் விழுகிறது என்று மேரிசெல்வி சொல்லியிருந்தாள். போன் படத்தில் அந்த வாய்க்கால் மிஷன் வீதிக்குக் கிழக்கே இருந்தது. மடல் போகிற பக்கம் நடந்தால் மிஷன் வீதி குறுக்கே வந்தே ஆக வேண்டும்.

வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"நீங்க போய்க்கினே இருங்க, அண்ணி. நான் இங்க ஒருத்தரை விசாரிச்சிட்டு வர்றேன்."

சுலோசனா நொண்டியபடி திரும்பிப் பார்த்தாள். "விசாரி. உனக்கு எவன் பதில் சொல்றான்னு பாக்கலாம்." காற்றைப் பார்த்து நடந்து, சந்துக்குள் மறைந்தாள்.

தையல்நாயகி சாக்கடையோரமாக ஓட்டமும் நடையுமாகப் போனாள். பன்னிரண்டு பதினாறுக்கு மிஷன் வீதி. அதற்குப் பிறகு முனைக்கு முனை நீலத் தகட்டில் தமிழிலும் பிரெஞ்சிலும் பெயர் இருந்தது. வடக்கே ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள். நாலாவது தகட்டில் சாயக்காரத் தெரு. வடக்கிலிருந்து எண்ணினால் அது ஆறா, ஏழா என்று பார்க்க நேரமில்லை.

அந்த வீட்டு வாசலில் மரக்கதவு யானை நுழையும் உயரத்துக்கு நின்றது. காவலாளி தெய்வசிகாமணி, முக்காலியில் உட்கார்ந்து, கையில் பெயர்த் தாளோடு இருந்தார்.

"மரக்காணமா? ரெண்டு பேருன்னு போட்டிருக்குதே. சுலோசனாங்கறது யாரு? கூட வர்றாங்களா?"

மணி பன்னிரண்டு இருபத்திரண்டு. தையல்நாயகி அந்த ஒரு தரம் யோசிக்கவே இல்லை.

"வரலைங்க."

அவர் பேனாவால் அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

உள்ளே முற்றத்து ஓரத்தில் ஐந்து பெண்கள் ஏற்கெனவே காத்திருந்தார்கள். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். எதிரே சுவர்க் கடிகாரம். இருபத்தேழில் வாசலில் குரல் கேட்டது.

"சுலோசனா, மரக்காணம். பேர் குடுத்திருக்கறேன்."

"அது அடிச்சாச்சேம்மா. வரலைன்னு சொன்னாங்க."

"எவ சொன்னா?"

காவலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். "ஏம்மா, மரக்காணம். இவங்க உங்க கூட வந்தவங்களா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, உட்டுடறேன். இல்லாங்காட்டி மேனேஜரம்மா என்னைத் திட்டுவாங்க."

கதவிடுக்கில் அண்ணியின் முகம் தெரியவில்லை. கால் தெரிந்தது. புண் உடைந்து செருப்பு நனைந்திருந்தது. தையல்நாயகி நோட்டைத் திறந்து அந்த நான்கு வரியைப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். நிமிர்ந்தபோது முள் முப்பதைத் தொட்டிருந்தது. கதவு சாத்தும் சத்தம் அவள் நினைத்ததைவிட மெதுவாகத்தான் கேட்டது.

மேனேஜரம்மா கம்ப்யூட்டரில் இரண்டு பெயர் அடிக்கச் சொன்னார். ஒரு கடிதம் படிக்கச் சொன்னார். கடைசியில், "இந்தத் தெருவைக் கண்டுபிடிக்கவே நிறைய பேருக்கு முடியறதில்ல, நீ எப்படி வந்தே?" என்று கேட்டார்.

"விசாரிச்சிகினு வந்தேங்க" என்றாள் தையல்நாயகி. திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச் சொன்னார்கள்.

மரக்காணம் பஸ் நாலு மணிக்கு. ஸ்டாண்டில் சுலோசனா தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். கிடைச்சதா என்று கேட்கவில்லை.

"தண்ணி எந்தாண்ட ஓடுதுன்னு எனக்கும் தெரியும்டி" என்றாள். "கொஞ்சம் லேட்டாத் தெரிஞ்சிது. ஆனா டைமுக்குள்ளதான் வந்தேன்."

தையல்நாயகி தலையை மட்டும் அசைத்தாள். எதற்கு அசைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

காலையில் வந்த அதே கண்டக்டர்தான். ஏறும்போதே கால்களைப் பார்த்தார். "பின்னாடி போங்க."

தையல்நாயகி பின்னால் போகத் திரும்பினாள். சுலோசனா அவள் தோளைப் பிடித்து நிறுத்தி, காலியாக இருந்த சீட்டில் அழுத்தி உட்கார வைத்தாள்.

"இவ உக்காரட்டும் சார்" என்றாள், பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி. "இவ இனிமே உப்பளம் இல்ல. நான் மட்டும்தான்."

பின்படிக்கட்டுக்குப் போய் வலது காலைத் தூக்கி வைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் ஒரு கணம் பார்த்துவிட்டு, டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார். பெரிய முதலியார்சாவடி வந்தது, போனது. தையல்நாயகியின் பக்கத்து இடம் மரக்காணம் வரை காலியாகவே வந்தது. அவள் எழவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.