ரிமோட்டில் ஒரு குளவிக் கூடு

எங்கள் வீட்டுக்குக் கலர் டி.வி. வந்தது எண்பத்தேழாம் வருஷம் தை மாதத்தில். பக்கத்து வீட்டு நசீர் அகமதுவின் மைத்துனர் துபாயிலிருந்து கொண்டு வந்தது. பெட்டியைப் பிரித்ததும் தெருவே திரையைப் பார்த்தது. என் கணவர் ஜினசந்திரன் மட்டும் தெர்மோகோல் சந்தில் கிடந்த ரிமோட்டை எடுத்து, அதன் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் முகர்ந்து பார்த்தார்.

அவர் அரசு அலுவலகத்தில் ரிக்கார்டு பிரிவு. எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதை எங்கே வைப்பது என்றுதான் முதலில் யோசிப்பார். ரிமோட்டுக்கு அன்றைக்கே இடம் முடிவாகிவிட்டது. பிளாஸ்டிக் உறை, அதன்மேல் பழைய பனியன் துணி, அதன்மேல் பிஸ்கட் டின், டின் பீரோவுக்குள், பீரோ சாவி அவர் இடுப்பில். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் படம் போடும்போது இந்த வரிசையைத் திருப்பிப் பிரித்து வெளியே எடுப்பார். எடுத்து முடிப்பதற்குள் படத்தில் கதாநாயகி பாதி வளர்ந்துவிட்டிருப்பாள்.

"டி.வி.யிலயே பட்டன் இருக்கே, அமுக்கிட்டா என்ன?" என்று கேட்டேன்.

"பட்டன் தேஞ்சிடும். அதுக்குத்தான் ரிமோட் குடுத்திருக்கான்."

"அப்ப ரிமோட்ட குடுங்க."

"சும்மா சும்மா அமுக்கினா செல் தீந்துடும் ஜெயந்தி."

அந்தச் சின்ன செல் எங்கள் ஊரில் ஒரே ஒரு கடையில்தான் கிடைத்தது, அதுவும் சில நாளில்தான். ஆகவே செல்லுக்கு வெயில் காட்டுவது என்று ஒரு முறை வைத்திருந்தார். ஞாயிறு காலை பத்து மணிக்கு இரண்டு செல்லையும் பித்தளைத் தட்டில் வைத்து மொட்டை மாடிக்கு எடுத்துப் போவார். அரை மணிக்கு ஒரு தரம் போய் விரலால் உருட்டிவிடுவார். மாலையில் ஊருக்கு மேற்கே நிற்கிற மலை சூரியனை மறைக்கத் தொடங்கும் முன்பே இறக்கிவிட வேண்டும். "நாலு மணிக்கு மேல வெயில்ல சத்து கம்மி" என்பார். இறக்கியதும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் சார்ஜ் ஏறிவிட்டது என்று கணக்கு. எனக்கு அவர் கன்னத்தைப் பார்க்கச் சிரிப்பாக வரும். எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கு ஜுரம் அடித்தபோது கூட இத்தனை கவனமாகத் தொட்டுப் பார்த்ததில்லை.

இப்போது என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த பீரோ என் அப்பா சீராகக் கொடுத்தது. சீர் பீரோவுக்கு இரண்டு சாவி. இரண்டாவது சாவி இருபது வருஷமாக என் துவரம் பருப்பு டப்பாவின் அடியில் இருந்தது. அதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மகனும் மகளும் வேலூரில் ஹாஸ்டலில். பத்து மணிக்கு அவர் ஆபீஸ் போனால் வீடு என்னுடையது. மாசி மாதம் ஒருநாள் வெறும் ஆசையில் பீரோவைத் திறந்து, டின்னைத் திறந்து, பனியனைப் பிரித்து, கையில் எடுத்தேன். பகலில் நிகழ்ச்சி ஏதும் இல்லை. இருந்தாலும் அமுக்கினேன். எட்டடி தள்ளி இருந்த பெட்டி திடுக்கென்று விழித்துக்கொண்டது. திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள், கொதிக்கிற எண்ணெய் மாதிரி சத்தம். மறுபடி அமுக்கினேன். அடங்கியது.

நான் இருந்த இடத்தில் இருந்தபடியே, குரலை உயர்த்தாமல், இரண்டாம் தரம் சொல்லாமல், ஒன்று நடந்தது. நாற்பத்தொரு வயதில் இதற்கு முன் எனக்கு அப்படி எதுவும் நடந்ததாக நினைவில்லை. கதவருகில் போய் அமுக்கினேன். அடுக்களை வாசலிலிருந்து அமுக்கினேன். முதுகைக் காட்டிக்கொண்டு தோளுக்கு மேல் அமுக்கினேன். சாமி அலமாரியின் கண்ணாடிக் கதவைக் குறிபார்த்து அமுக்கினால்கூட டி.வி. எழுந்தது! அன்று குழம்பு தீய்ந்துவிட்டது.

மறுநாள் நசீர் அகமதுவின் மனைவி நசீமாவைக் கூப்பிட்டேன். சுவர் ஓரமாக நின்று பார்த்தாள்.

"இன்னாக்கா இது, வெறும் புள்ளி ஓடுது?"

"நீ ஒரு தடவ அமுக்கிப் பாரேன்."

அமுக்கினாள். அலறினாள். பிறகு அவளிடமிருந்து அதைப் பிடுங்க முடியவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு இப்படி இருந்தா எப்படி இருக்கும்! கத்தறப்போ ஒரே அமுக்கு" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம்.

தினமும் டின்னும் பனியனுமாகப் பிரித்துக் கட்டுவது அலுத்துப்போய், பகல் நேரத்துக்கென்று ஒரு துணிப்பை தைத்தேன். அடுக்களை ஜன்னல் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன். ரிமோட்டின் தலையில் உள்ள சின்னக் குமிழில் எண்ணெய்ப் புகை படியக் கூடாதென்று தலைகீழாகச் செருகி வைப்பேன். செல் போடுகிற பக்கம் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். ஐந்து மணிக்கு மறுபடி பீரோவுக்குள். ஒன்றுமே நடக்காத மாதிரி ஐந்தரைக்கு அவர் வருவார். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதற்குள் சாப்பாட்டை முடிப்பது எங்கள் சமண வழக்கம் என்பதால் வந்தவுடனே இலை. அவர் மென்றுகொண்டே, "இந்த செல்லு ஏன் இவ்வளவு சீக்கிரம் தீருது? வெயில் பத்தல போலருக்கு" என்பார். நான் ரசத்தை ஊற்றுவேன்.

இது தெரிந்துவிட்டால் அவர் கத்த மாட்டார், அடிக்க மாட்டார். இரண்டாவது சாவியைக் கேட்பார். நான் கொடுத்துவிடுவேன். அதுதான் என் பயம். கொடுத்துவிடுவேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

வைகாசியில் செஞ்சிப் பக்கம் என் தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழா. ஐந்து நாள் தங்க வேண்டும். அவசரத்தில் கிளம்பினோம். கீழ்பென்னாத்தூரில் பஸ் நின்றபோது ஒருவன் வேர்க்கடலை விற்றுக்கொண்டு வந்தான். அவர் வாங்கி என் கையில் கொடுத்தார். அந்தக் கணத்தில்தான் பையும் ஆணியும் என் கண் முன்னால் வந்தன. ரிமோட்டை உள்ளே வைக்கவில்லை.

"என்ன முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? கடலை சொத்தையா?"

"இல்லைங்க. நல்லாத்தான் இருக்கு."

அந்த ஐந்து நாளும் நான் விழாவில் இருந்தேனா என்றால் சந்தேகம். யார் என்ன கேட்டாலும் சிரித்தேன். என் தம்பி மனைவி, "அண்ணி ரொம்ப சந்தோஷமா இருக்காங்க" என்று எல்லாரிடமும் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் திரும்பினோம். அவர் பால் வாங்கப் போனதும் அடுக்களைக்கு ஓடினேன். ரிமோட் இருந்தது. நிம்மதியாக எடுத்துத் திருப்பினேன். செல் மூடியின் மேலே, கட்டை விரல் பருமனுக்கு, வழவழவென்று ஒரு மண் கூடு. குளவிக் கூடு. வாயை நன்றாக மெழுகி அடைத்துவிட்டுப் போயிருந்தது.

மறுநாள் ஞாயிறு. அவருடைய சூப்பரின்டெண்ட் சக்கரபாணி குடும்பத்தோடு எங்கள் வீட்டில் படம் பார்க்க வருவதாக இருந்தார். ரிமோட்டைப் பார்ப்பதற்காகவே வருகிறார்.

கத்தியை எடுத்தேன். ஒரு நெம்பு நெம்பினால் போதும், ஈரத்துணியால் துடைத்து டின்னில் வைத்துவிடலாம். மண்தானே. ஆனால் உள்ளே புழு இருக்கிறது. தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிற வீடு. விளக்கில் விட்டில் விழும் என்று இருட்டுக்கு முன்னால் சாப்பிடுகிற வீடு. அந்தக் குளவி அதற்குள் எத்தனை சிலந்தியைப் போட்டு அடைத்திருக்கிறதோ, அந்தப் பாவம் அதனுடையது. இது என்னுடையதாகிவிடும். ஒரு பொய்யை மறைக்க ஓர் உயிரா? கத்தி கையில் இருக்கும்போது எனக்குத் தெரிந்தது, நான் தயங்குவது உயிருக்காக மட்டும் இல்லை. எனக்கு மறைத்து மறைத்து அலுத்திருந்தது. கத்தியை வைத்தேன். வயிற்றில் ஏதோ குபுகுபுவென்று பொங்கியது. பார்த்தால் சிரிப்பு.

சாப்பாடு முடிந்து அவர் கை கழுவியதும் ரிமோட்டை ஒரு தாம்பாளத்தில் வைத்து அவர் முன்னால் கொண்டு வந்தேன்.

அவர் ரிமோட்டைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார். இடுப்புச் சாவியைத் தடவினார்.

"இது எப்படி வெளிய வந்தது?"

"நான்தான் எடுத்தேன். என்கிட்ட ஒரு சாவி இருக்கு."

"எத்தனை நாளா?"

"மாசி மாசத்துலருந்து. தினமும்."

"தினமும் என்ன பார்ப்ப? பகல்ல ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்ல. போடுவேன். அணைப்பேன்." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நசீமாவும் போடுவா."

"அப்ப செல்லு..." என்றார். "நான் வெயில் பத்தலன்னு மே மாசம் பூரா மாடியில நின்னேனே ஜெயந்தி!"

அதே நேரம் பாத்திரம் திருப்பிக் கொடுக்க நசீமா உள்ளே வந்தாள். தாம்பாளத்தை எட்டிப் பார்த்தாள். "அடடே, குளவி கூடு கட்டியிருக்கு! வூட்ல குழந்தை வரும்னு சொல்லுவாங்களே. யாருக்குக்கா?" என்று எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

ஐம்பது வயதை நெருங்குகிற ரிக்கார்டு பிரிவு மனிதர் காது வரை சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். "பேசாம போம்மா" என்றார். அவள் போனபிறகும் அந்தச் சிவப்பு போகவில்லை. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவு சிரிப்பு.

பிறகு அவர் கூட்டை ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் தொடப் போய், தொடாமல் எடுத்துக்கொண்டார். மெதுவாகப் பேசினார்.

"மூடியத் தொறக்க முடியாது. செல்ல எடுக்க முடியாது."

"ஆமா."

"முழுசா வெயில்ல வைக்கலாமா?"

"உள்ள வெந்துடும்ங்க."

"டின்ல வைக்க முடியாது. மூச்சு முட்டும்." சற்று யோசித்தார். "பீரோவுலயும் கூடாது. வெளிய வந்தா எப்படிப் போகும்?" யாரோ தன்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார். கடைசியில், "எங்க மாட்டி வச்சிருந்தியோ அங்கயே வை" என்றார். சாவியைக் கேட்கவில்லை. கேட்பார் கேட்பார் என்று நான் விளக்கேற்றும் வரை காத்திருந்தேன். கேட்கவே இல்லை.

ஞாயிறு நான்கரைக்கே சக்கரபாணி சார் வந்துவிட்டார். மனைவி, மாமியார், மூன்று பிள்ளைகள், கூடவே தெருவில் பாதி. என் கணவர் ரிமோட்டை ஓரங்களில் மட்டும் பிடித்து, கூடு மேலே படாமல், கைக்குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினார். நீட்டி அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு எட்டு முன்னால் போய் அமுக்கினார். இல்லை. சக்கரபாணி சாரின் மாமியார், "பாட்டிரி செத்துப் போச்சு போல" என்றார். 'செத்து' என்ற அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் கேட்க என் கணவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

எனக்கு அந்த செல்லைத் தெரியும். அதன் கடைசிக் காலம் வரை தெரியும். நேராகக் காட்டினால் வேலை செய்யாது. கொஞ்சம் அண்ணாந்த மாதிரி சாய்த்து, பட்டனை விடாமல் மூன்று எண்ணும் வரை அமுக்க வேண்டும். சொல்லலாமா என்று யோசித்தேன். இத்தனை பேர் நடுவில் அவருக்குச் சொல்லித் தருவதா?

அவரே திரும்பினார். எல்லாருக்கும் கேட்கும்படி, "ஜெயந்தி, எனக்கு வரல. நீ போடு. உனக்குத்தான் பழக்கம்" என்றார்.

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் வந்து வாங்கினேன். சாய்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பெட்டி விழித்தது. ஒரு நகை விளம்பரம் வண்ணத்தில் பளீரென்று வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். சக்கரபாணி சாரின் மனைவி என் பக்கத்தில் நகர்ந்து வந்து, "எனக்கு ஒரே ஒரு தடவ குடுங்க" என்று ரகசியமாகக் கேட்டாள். அவள் கண்ணைப் பார்த்தேன். அந்த ஆசை எனக்குத் தெரிந்த ஆசை. "ஓரத்துல பிடிங்க, அடியில உயிர் இருக்கு" என்று கொடுத்தேன். அவளிடமிருந்து மாமியாருக்குப் போனது. மாமியார் வால்யூமைக் கண்டுபிடித்துவிட்டார். வீடு அதிர்ந்தது.

"கொஞ்சம் கம்மி பண்ணு ஜெயந்தி" என்று என் கணவர் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"பண்றேன், பண்றேன்" என்றேன். ரிமோட்டை வாங்கி, நன்றாகச் சாய்த்து, மூன்று எண்ணி, இன்னும் இரண்டு படி கூட்டினேன்.