மினுக்கம் போன வாள்

கூட்டாளி ரூபனின் கருமாதி முடிந்த மறுநாளிலிருந்து கோகிலன் வேலைக்குப் போகவில்லை. இருவருக்கும் மெங்லெம்புவில் ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிப்ட். தினமும் ஒரே மோட்டார் சைக்கிளில்தான் போவார்கள். அன்றைக்குக் கோகிலனுக்குக் காய்ச்சல். ரூபன் தனியாகப் போனான். பத்து காஜா சாலையில் மழை. எதிரே வந்த லாரிக்காரனின் கண்ணில் அவன் படவில்லை.

அதற்குப் பிறகு கோகிலன் அறைக்குள்ளேயே கிடந்தான். சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்தால் எடுத்துக்கொள்வான், பாதி சாப்பிட்டுத் திருப்பி வைப்பான். கூப்பிட்டால் "ம்" என்பான். அவனுடைய அம்மா குமுதா ஈப்போவில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை செய்தாள். ஈரப் படுக்கை விரிப்புகளை இழுத்து இழுத்து மடிக்கும்போதெல்லாம் அந்த மூடிய கதவுதான் கண்ணுக்குள் நின்றது. ஜொகூரில் லாரி ஓட்டும் புருஷன் போனில் ஒன்றையே சொன்னார். "கொஞ்ச நாள் விடு லா. தானா சரியாயிடுவான்."

தானாகச் சரியாகவில்லை.

ஒருநாள் மகள் ஷாமினி சொன்னாள்: "அண்ணன் உள்ள சும்மா இல்லம்மா. கேம்லதான் இருக்கு. அண்ணனும் ரூபன் அண்ணனும் சேந்து கட்டுன உலகம் அது. கட்டை கட்டையா அடுக்கி வீடு கட்டணும், காட்டுல மரம் வெட்டணும், பேயி வந்தா சண்டை போடணும்."

"நான் அதுக்குள்ள போக முடியுமா?"

ஷாமினி சிரித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, தன் பழைய போனை எடுத்து வந்தாள்.

குமுதாவின் விரல்களுக்கு அது பிடிபடவே இல்லை. நடக்க நினைத்தால் வானத்தைப் பார்த்தாள், திரும்ப நினைத்தால் ஆற்றில் விழுந்தாள். இரண்டு தடவை மூழ்கிச் செத்தாள். மூன்றாவது தடவை கரையேறியபோது ஒரு கட்டை உருவம் எதிரே வந்து நின்றது. அதன் தலைக்கு மேல் கோகிலனின் பெயர். திரையில் எழுத்து வந்தது: யாரு?

"அம்மான்னு போடு," என்றாள் குமுதா. ஷாமினி தட்டினாள்.

உருவம் திரும்பி நடந்தது. ஆனால் போகிற வழியெல்லாம் ஒவ்வொரு தீப்பந்தமாக நட்டுக்கொண்டே போனது. குமுதா அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் பின்னாலேயே போனாள். பந்தங்கள் ஒரு கல்வீட்டில் போய் முடிந்தன. வாசலில் அவளுக்காக ஒரு ரொட்டி கிடந்தது. அன்றைக்குச் சமையலறையில் நின்று ரொம்ப நேரம் அழுதாள். மகன் அவளுக்குச் சோறு போட்டிருக்கிறான்.

அதற்குப் பிறகு தினமும் வேலை விட்டு வந்ததும் குளித்துவிட்டு அந்த வீட்டுக்குப் போய்விடுவாள். அவன் பேசவில்லை. அவள் பக்கத்தில் நிற்பாள், அவ்வளவுதான். அந்த வீட்டில் புத்தக அலமாரிகள் சுற்றிலும் அடுக்கிய ஓர் அறை இருந்தது. நடுவில் ஒரு மேசை. அலமாரிகளிலிருந்து புரியாத எழுத்துகள் பறந்து வந்து மேசைக்குள் போய்க்கொண்டிருந்தன.

"இது என்ன?" என்று ஷாமினியைக் கேட்டாள்.

"இங்கதான் என்சான்ட் பண்ணுவாங்க. வாளு, சட்டை எல்லாத்துக்கும் மந்திரம் ஏத்துறது. நீலக் கல்லு வைக்கணும், நாம பேயோட சண்டை போட்டுச் சேத்து வச்ச லெவலும் செலவாயிடும். ஆனா என்ன மந்திரம் வரும்னு முழுசாத் தெரியாது."

"கோயில்ல பூ வச்சுக் கேக்குற மாதிரியா?"

"ஆமா லா, அதேதான். ஏறிடுச்சுன்னா ஊதா கலர்ல மினுமினுன்னு இருக்கும்."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஷாமினி டியூஷனுக்குப் போயிருந்தாள். கோகிலனின் உருவம் மலைப்பக்கம் எங்கோ இருந்தது. குமுதா தனியாக அந்த அறைக்குள் போய் ஒரு பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஊதாவாக மினுங்கும் ஒரு வாள். அதன் அடியில் ஆயுளைக் காட்டும் கோடு தேய்ந்து சிவந்திருந்தது; வாள் உடைகிற நிலையில் கிடந்தது. பக்கத்திலேயே மினுக்கம் இல்லாத புதிய வாள் ஒன்று.

அந்த வீட்டு வாசலில் இருக்கும் சாணைக்கல்லில் இரண்டு பழசைச் சேர்த்து வைத்தால் ஒன்று புதுசாகிவிடும் என்று ஷாமினி முன்பு சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. பையன் பார்த்தால் சந்தோஷப்படுவான். இரண்டு வாளையும் கல்லில் வைத்து அழுத்தினாள். ஒரே வாளாக வந்தது. கோடு முழுசாக, பச்சையாக இருந்தது. குமுதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பெட்டியில் வைக்கப் போகும்போதுதான் பார்த்தாள், மினுக்கத்தைக் காணோம்.

திரும்பவும் கல்லில் வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியில் வைத்து எடுத்துப் பார்த்தாள். அதற்குள் கோகிலனின் உருவம் உள்ளே வந்து பெட்டியைத் திறந்தது. திறந்தபடி அசையாமல் நின்றது.

அறைக் கதவு திறந்தது. நிஜக் கதவு. தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், கோகிலன் வாசலில் நின்றான்.

"சாணைக்கல்லுல போட்டியாம்மா?"

"தேஞ்சு போயிருந்துச்சுப்பா. புதுசாக்கலாம்னு..."

"அதுல போட்டா மந்திரம் எல்லாம் போயிடும். ரூபன் ஏத்திக் குடுத்தது அது. என் பொறந்த நாளைக்கு. இருந்த லெவல் எல்லாத்தையும் போட்டு ஏத்துனான். உடைஞ்சிடும்னுதான் நான் அதத் தொடாமலே வச்சிருந்தேன்."

"திருப்பி ஏத்திடலாம்பா. அம்மா ஏத்தித் தாரேன்."

"யாரு ஏத்துனாலும் அது அவன் ஏத்துனது இல்லம்மா."

திட்டுவான் என்று குமுதா காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவன் "விடும்மா, உனக்குத் தெரியாதுல்ல" என்றான். அவ்வளவு மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

டியூஷன் முடிந்து வந்த ஷாமினி போனை வாங்கி எதை எதையோ அழுத்திப் பார்த்தாள். பழைய நிலைக்குத் திருப்ப வழியில்லை என்றாள்.

அடுத்த வாரமெல்லாம் குமுதா பேய்களோடு சண்டை போட்டாள். செத்தாள், சேர்த்ததெல்லாம் சிதறியது, மறுபடி சேர்த்தாள். வீண் என்று தெரிந்தும் விட முடியவில்லை. கடைசியில் அந்த வாளை மேசையில் வைத்து, நீலக் கல்லை வைத்து, முருகா என்று சொல்லி அழுத்தினாள். வாள் ஊதாவாக மினுங்கியது.

"ரூபன் ஏத்துனது மாதிரியே வந்திருக்கா?" என்று கேட்டாள்.

ஷாமினி குனிந்து படித்தாள். "இல்லம்மா. இது வேற."

கோகிலன் எப்போது வெளியே வந்தான் என்று இருவரும் கவனிக்கவில்லை. அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் கையிலிருந்து போனை மெதுவாக எடுத்து நாற்காலியில் வைத்தான்.

"போதும்மா. இனிமே விளையாடாத."

"நீ?"

"நானும் இல்ல."

அவன் உள்ளே போனான். இத்தனை நாள் கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த விளையாட்டின் சின்னச் சின்னச் சத்தங்களும் நின்று போயின. அது நல்லதா கெட்டதா என்று குமுதாவுக்குத் தெரியவில்லை.

குமுதா எழுந்து மீன்குழம்பைச் சூடு பண்ணப் போனாள். எதையாவது செய்ய வேண்டியிருந்தது.