ஷபீரின் தொண்டை

ஷபீருக்குத் தொண்டை கட்டியிருந்தால் இந்தியா கால்பந்து ஆடிவிட்டது என்று அர்த்தம். செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மெத்தைக் கடை வைத்திருக்கும் மனுஷன் அவன். சென்னை ஸ்டேடியத்தில் தேசிய அணி ஆடுகிறது என்று காதில் விழுந்தால் போதும், ஷட்டரை இறக்கிவிட்டு நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். மறுநாள் காலையில் பேச்சு வராது. தலகாணி விலையைக்கூட விரல் விட்டுத்தான் காட்டுவான். மனைவி ஆஸ்மா மிளகைத் தட்டிப் போட்டுப் பால் காய்ச்சி நீட்டுவாள். ஒரு வாய் குடித்தால் கண்ணில் தண்ணீர் கொட்டும்.

"இன்னா சத்தம்ன்ற ஆஸ்மா! காதே கிழிஞ்சிடும்" என்று கரகரப்பான். அவளும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

அதெல்லாம் உண்மையாகவே தொண்டை கட்டிய காலம். அப்புறம் கூட்டம் கரைந்தது. ஏன் கரைந்தது என்று ஷபீரைக் கேட்டால் டீ ஆறிப்போகிற வரை பேசுவான். அணி தோற்றுக்கொண்டே இருந்தது. டிக்கெட் விலை ஏறியது. வேலை நாளாகப் பார்த்து ஆட்டம் வைத்தார்கள். வெளிநாட்டு கிளப் ஆட்டங்களைக் கண்விழித்துப் பார்க்கிற பிள்ளைகளுக்கு நம் பையன்கள் ஓடுவது சலித்துப்போனது. வந்த கொஞ்சம் பேரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் தங்கள் மூஞ்சியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் ஒருவன் "சத்தம் போடுங்க" என்று கெஞ்சுவான். பதிலுக்குப் பாப்கார்ன் மெல்லும் சத்தம் வரும். ஒரு தடவை கோல்கீப்பர் தும்மியது கேலரி வரைக்கும் கேட்டது. ஷபீர் பழக்க தோஷத்தில், தும்மலுக்குச் சொல்லும் துஆவைக்கூட அவனுக்காகச் சொல்லிவிட்டான்.

இரண்டு பஸ் பிடித்துப் போன ஊர் ரசிகர் கூட்டம், 'செங்கை நீலப்படை', நண்பன் ஜோயலின் ஒரு வேனுக்குள் அடங்கிவிட்டது. அதிலும் பின்சீட்டில் கால் நீட்டிப் படுக்கலாம்.

இதை எப்படி வீட்டில் சொல்லுவது? பஞ்சடைக்கிற பிழைப்பில் அவனுக்கென்று இருந்த ஒரே பெருமை அந்தச் சத்தம்தான். இத்தனை வருஷம் அளந்ததை அளந்தபடியே காப்பாற்ற வேண்டாமா? அதனால் ஷபீர் தொண்டையைக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தான். நல்ல தொண்டையை வைத்துக்கொண்டு மறுநாள் முழுக்கக் கிசுகிசுத்தான். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தான். அப்படி ஒரு நாள், ரிவர்ஸில் வந்த லாரி கடை வாசலில் அடுக்கிய மெத்தைமேல் ஏறப்போக, "யோவ், நிறுத்துய்யா!" என்று தெருவே அதிரக் கத்திவிட்டான். லாரி நின்றது. ஷபீர் திரும்பிப் பார்த்தான், ஆஸ்மா சாப்பாட்டுக் கேரியரோடு நின்றிருந்தாள். உடனே தொண்டை மறுபடி கட்டிக்கொண்டது. அவள் கேரியரைக் கல்லாமேல் வைத்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச வருஷமாகப் பாலில் காரமும் குறைந்திருந்தது. சர்க்கரை தூக்கலாக, ஏலக்காய் வாசனையோடு, பாயசம் மாதிரி இருந்தது. வயசாகிறது, கை இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஷபீர் சப்புக்கொட்டிக் குடித்தான்.

மாட்டிவிட்டது மகள் இனாயா. வேலைக்குப் போக ஆரம்பித்த ஜோரில், அம்மா அத்தாவின் கல்யாண நாளுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள். "அம்மா ஒரு தபாகூடப் பார்த்ததில்லியே அத்தா. சண்டே மத்தியான மேட்ச்சு, இட்டுகினு போ."

ஷபீர் சாக்குத் தேடினான். மழை வரும் என்றான். வெயில் கொளுத்தும் என்றான். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால் யாரும் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்மா நீல முக்காடு போட்டுக்கொண்டு நீலப்படையோடு வேனில் ஏறினாள். கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். உள்ளே சுத்தமான இலவம் பஞ்சு, அவன் கடைச் சரக்கு.

"இது இன்னாத்துக்கு?"

"காதுல வச்சுக்கத்தான் மச்சான். நீதானே காது கிழியும்ன்னே."

ஜோயல் ஸ்டீயரிங்மேல் குனிந்து சிரிப்பை அடக்கினான். ஷபீர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். தாம்பரம் தாண்டுகிற வரைக்கும் வேன் பஞ்சராக வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே வந்தான். நான்கு டயரும் அன்றைக்கென்று நன்றாக ஓடின.

ஸ்டேடியம் வாசலிலேயே, ஜோயல் தாளம் போடக் கொண்டுவந்த டிரம்மைக் காவலாளிகள் வாங்கி வைத்துவிட்டார்கள். உள்ளே போனால், ஷபீர் பயந்தபடியேதான். ஒரு கேலரியில் கொஞ்சம் தலைகள், எதிர் கேலரியில் காற்று. சிவப்புச் சட்டை போட்ட வெளிநாட்டு அணி எதிரே நின்றது. ஆஸ்மா உட்கார்ந்ததும் முதல் வேலையாக இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டாள். தேசிய கீதம் முடிந்தது, விசில் ஊதினார்கள், பந்து உருண்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னா மச்சான், இன்னும் ஆரம்பிக்கலியா?"

"ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் ஆவுது" என்றான் ஷபீர்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். முன்வரிசையில் கல்லூரிப் பிள்ளைகள் போனைத் தூக்கிப் பிடித்து உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் மைதான ஓரத்தில் யாரையோ திட்டுவது வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. அப்புறம் அவள் ஷபீரின் முகத்தைப் பார்த்தாள். அவமானத்தில் அவன் காது மடல் சிவந்திருந்தது. இத்தனை வருஷப் பீற்றல் காற்றுப் போன பந்தாக அவள் காலடியில் கிடப்பதுபோல் அவனுக்கு இருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தான்.

ஆஸ்மா பஞ்சை எடுத்து மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.

"அப்பப்பா, இன்னா சத்தம்!" என்றாள்.

ஷபீருக்குத் தொண்டையில் என்னவோ அடைத்தது. இந்த முறை நடிப்பில்லை.

சிவப்புச் சட்டைக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். அதற்கும் சத்தமில்லை, கொட்டாவிதான். இடைவேளை வந்தது. ஷபீர் டீ வாங்கப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் ஆஸ்மா செருப்பை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டு எழுந்தாள்.

"வூட்டுக்கா?" என்றான் பாவமாக.

"வூட்டுக்கா? பக்கம் மாறணும்ல மச்சான். எந்திரி."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆஸ்மா கடப்பாக்கத்துக்காரி. அவளுக்குத் தெரிந்த கால்பந்தெல்லாம் ஆலம்பரைக் கோட்டைப் பக்கத்துக் கடற்கரை மணலில் ஆளுக்கு ஏழு பேராக ஆடுவதுதான். அங்கே நாற்காலியா இருக்கிறது, நம்பர் போட்டு உட்கார? நம் பையன்கள் எந்தப் பக்கம் கோல் போட வேண்டுமோ, அந்தக் கம்பத்துக்குப் பின்னால்தான் ஊரே நிற்கும். இடைவேளையில் ஆட்டக்காரர்கள் பக்கம் மாறினால் ஊரும் மாறும். பிள்ளைகுட்டி, சுண்டல் தட்டு, ஐஸ் வண்டி எல்லாம் மணலில் புதையப் புதைய மறுமுனைக்கு நடக்கும். உலகத்தில் எல்லா ஆட்டத்திலும் அப்படித்தான் என்று ஆஸ்மா நினைத்திருந்தாள். இல்லை என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

"இங்க அப்டில்லாம் இல்ல ஆஸ்மா. டிக்கெட்ல நம்பர் கீது" என்றான் ஷபீர்.

"நம்பர் இங்கியே இருக்கட்டும். நாம போலாம்."

அவள் நடந்துவிட்டாள். ஷபீர் பின்னால் ஓடினான். நீலப்படை என்னவோ ஏதோவென்று அவன் பின்னால் எழுந்தது. இரண்டு கேலரிக்கும் நடுவில் இருந்த கம்பிக் கதவில் மஞ்சள் கோட்டுப் போட்ட காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"மேடம், உங்க சீட்டு அங்க."

"தெரியும்ண்ணா. கோலு இங்க போடணும்ல?"

"இருக்கட்டும் மேடம், அதுக்கு..."

"கூப்புட ஆளில்லாத பக்கம் எந்தப் புள்ளண்ணா வரும்? உங்க வூட்டுக் கதவ சாத்திகினு உக்காந்தா விருந்தாளி வருவானா?"

காவலாளி காலியாகக் கிடந்த கேலரியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு காக்காய் மட்டும் உட்கார்ந்திருந்தது. அதற்கும் டிக்கெட் இருந்திருக்காது. அவர் கதவைத் திறந்துவிட்டார்.

கோல் கம்பத்துக்கு நேர் பின்னால் போய் நின்றார்கள். ஆஸ்மா முக்காட்டை இறுக்கிக்கொண்டு, கையை வாயோரம் குவித்து, கடப்பாக்கத்து மணலில் கத்துவதுபோல் கத்தினாள்.

"வந்துரு... வந்துரு!"

ஸ்டேடியம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஷபீருக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது. ஆனால் அவள் தனியாகக் கத்துகிறாள். பஞ்சை மறுபடி காதில் வைத்துக்கொண்ட பெண்ணைத் தனியாகக் கத்தவிட்டால் அவன் மனுஷனே இல்லை.

"வந்துரு... வந்துரு!" என்றான் ஷபீர். முதலில் முனகலாக, அப்புறம் லாரியை நிறுத்திய அதே குரலில்.

ஜோயல் காலி நாற்காலியை உள்ளங்கையால் அறைந்து தாளம் போட்டான். டிரம்மைவிட அது நன்றாகவே கேட்டது. உதட்டைக் குவித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் இதைப் படம் பிடிக்க வந்தார்கள். ஒரு கையில் போன், இன்னொரு கை சும்மாதானே இருக்கிறது, நாற்காலியை அடித்தது. பின்னாலேயே ஒரு குடும்பம், அதன் பின்னால் ஒரு கூட்டம். கம்பிக் கதவைத் திறந்த புண்ணியவான் அதை மூடவே இல்லை. பந்து நடுக்கோட்டைத் தாண்டும்போதெல்லாம் "வந்துரு... வந்துரு!" என்று கேலரி கூப்பிட்டது. பந்து பின்னால் போனால் "அய்யே!" என்றது. இடப்பக்க ஆட்டக்காரன் ஒருவன் இந்தப் பக்கம் ஓடி வந்தவன், நின்று ஒரு நொடி கேலரியைப் பார்த்தான். அடுத்த தடவை அவன் ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும், அம்மா கூப்பிட்ட பிள்ளை மாதிரி ஓடினான்.

அவன் அடித்த பந்து கோலுக்குப் போகவில்லை என்பதுதான் நிஜம். அது வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. நடுவில் நின்ற சிவப்புச் சட்டைக்காரரின் முதுகில் பட்டு, திசை மாறி, மெதுவாக உருண்டு, கோல்கீப்பர் விழுந்த இடத்துக்கு எதிர்ப்பக்கமாக உள்ளே போனது.

அப்புறம் எழுந்ததுதான் சத்தம். ஷபீர் பழைய காலத்தில் வீட்டில் போய் அளந்ததெல்லாம் குறைச்சல் என்று ஆகிவிட்டது. ஜோயல் யாரென்றே தெரியாத ஒரு போலீஸ்காரரைக் கட்டிப்பிடித்தான். ஆஸ்மாவின் காதில் பஞ்சில்லை, எப்போது விழுந்தது என்று அவளுக்கே தெரியாது.

"கூப்டா வரும்ன்னேன்ல மச்சான்!" என்று கத்தினாள். பக்கத்திலேயே இருந்தும் அவனுக்குக் கேட்கவில்லை.

ஆட்டம் சமனில் முடிந்தது. ஜெயித்தவர்கள் மாதிரி எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை நாஸ்தாவுக்கு உட்கார்ந்தபோது இனாயா ஆவலாகக் கேட்டாள். "எப்டி இருந்துச்சு? அம்மா, சொல்லேன்!"

ஆஸ்மா வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. ஷபீர் உதவிக்கு வந்தான். அவனுக்கும் அதே கதி. இனாயா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆஸ்மா அடுப்படிக்குப் போய் இரண்டு டம்ளரோடு வந்தாள். ஷபீர் வழக்கம்போல் சப்புக்கொட்டிக்கொண்டு பெரிய வாயாக இழுத்தான். அவ்வளவுதான். நாக்கு எரிந்தது, மூக்கு எரிந்தது, காது வழியாகப் புகை வராத குறை. டம்ளரைச் சாய்த்துப் பார்த்தான். அடியில் கறுப்பாக ஒரு கைப்பிடி மிளகு கிடந்தது.

அவனுக்கு அந்தப் பழைய காரம் ஞாபகம் வந்தது. நடுவில் இத்தனை வருஷம் குடித்த ஏலக்காய்ப் பாலும் ஞாபகம் வந்தது. எந்த ஆட்டத்திலிருந்து மிளகு நின்றது என்று யோசித்தான். தொண்டையைப் பொய்யாகக் கட்டிக்கொண்ட அந்த முதல் நாளிலிருந்துதான். மெதுவாக நிமிர்ந்து ஆஸ்மாவைப் பார்த்தான்.

அவள் தன் டம்ளரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, முகமெல்லாம் சிரிப்பு. குரல் வராத தொண்டையைத் தொட்டுக் காட்டி, உதட்டை மட்டும் அசைத்தாள்.

"இப்பதான் நெஜமா கட்டிகீது."