அஞ்சு டிரம் சத்தம்

கொடுங்கையூர் மூணாவது தெருவுக்குச் சத்தம் லாரியில்தான் வரும். செவ்வாயும் சனியும். வீட்டுக்கு நாலு குடம். அதிலேயே பேசணும், தும்மணும், பிள்ளைகளை அதட்டணும். தீர்ந்துவிட்டால் சைகைதான்.

இந்தத் தெருவில்தான் டெய்சிராணி ராக் பேண்ட் ஆரம்பித்தாள். பதினெட்டு வயசு, பிளஸ் ஒன்னோடு படிப்பை விட்டவள். அவள் டிரம்ஸ், தணிகை கிட்டார், அன்சாரி பாட்டு. பேண்டுக்குப் பெயர் 'கதவைச் சாத்தவும்'. மூன்று மாதம் சத்தமில்லாமல் பிராக்டிஸ். அன்சாரிக்குச் சுருதி தப்பினால் கழுத்து நரம்பில் தெரிந்துவிடும். டெய்சி குச்சியால் அவன் மண்டையில் ஒன்று போடுவாள்.

அம்மா ஒரே ஒரு கச்சேரிக்கு ஒத்துக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கெழம வாசிங்க. என் காதுல விழுந்தா சரி. இல்லன்னா திங்கக்கெழம அத்த பார்லருக்குப் போய் புருவம் திருத்து."

மூன்று வீட்டுக் குடங்களையும் சேர்த்தால் அரைப் பாட்டுக்கு வரும். அதையும் தணிகை வீட்டில் தரமாட்டார்கள். அவன் தங்கைக்கு வாய் ஜாஸ்தி.

சனிக்கிழமை லாரிக்காரர் வழக்கம்போலக் கேட்டார். "குடமா, டிரம்மா?"

"டிரம்ண்ணே" என்றாள் டெய்சி.

"எத்தினி?"

"அஞ்சு."

"அஞ்சா? யார் வூட்டு கல்யாணம்?"

"கல்யாணம்லாம் இல்லண்ணே. ஊத்துங்க."

டிரம் என்றால் எத்தனை இருக்கோ அத்தனையும் நிரப்பணும், அது விதி. அந்தத் தெருவில் டிரம் வைக்க யார் வீட்டிலும் இடமில்லை, அதனால் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவர் குழாயை இழுத்து டிரம்ஸ் செட் மொத்தத்தையும் நிரப்பினார். வழிந்ததை நக்கிய நாய் ஒன்று ரொம்ப நேரம் குரைத்தது.

ஞாயிறு சாயங்காலம் ரேஷன் கடை மொட்டை மாடியில் டெய்சி முதல் அடி போட்டாள். பாட்டு படிக்கட்டு வழியாக இறங்கித் தெருவில் முழங்கால் அளவுக்கு நின்றது. ஆளாளுக்கு வாளியோடு ஓடி வந்தார்கள். நாலாவது தெருக்காரர்கள் மோட்டார் போட்டு உறிஞ்சினார்கள். இடுப்பளவு வந்ததும் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாட்டுக்குள் நடந்தே வந்தாள்.

"கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு. அத்தகிட்ட வேற ஆள் பாத்துக்கச் சொல்லிட்டேன். இன்னொண்ணு வாசி."

இன்னும் ஏழு வாசித்தார்கள்.

அப்புறம் ஆவடி, பெரம்பூர், பாண்டிச்சேரி. எல்லா இடத்திலும் வாளியோடு கூட்டம். போன வாரம் தாம்பரத்திலிருந்து போன் வந்தது. போன வருஷம் மார்ச் பதினாலாம் தேதி வந்து வாசிக்க முடியுமா என்று கேட்டார்கள்.

டெய்சி கொஞ்சம் யோசித்தாள்.

"அன்னிக்கு எனக்கு கெமிஸ்ட்ரி பரீட்சை. போகல. ஃப்ரீதான்."