இரண்டாவது பள்ளிக்கூடம்

உங்கள் மகள் பட்டாணியின் பலங்களைப் பற்றிப் பேச வேண்டும், வியாழக்கிழமை வர முடியுமா என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்ததும், அவளுடைய அம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது.

அம்மாவுக்கு வேலை தொலைபேசியில் புகார் கேட்பது. சலவை இயந்திரம் சுற்றவில்லை, குளிர்சாதனப் பெட்டி ஒழுகுகிறது என்று கத்துகிறவர்களிடம் தேன் ஒழுகப் பேசுவதற்குத்தான் சம்பளம். பேச்சு எவ்வளவு இனிக்கிறதோ அவ்வளவுக்கு அதற்குள் ஒரு ‘முடியாது’ ஒளிந்திருக்கும் என்பது அவள் அனுபவம். போன வருடம் முதல் பள்ளிக்கூடமும் இப்படித்தான் ஆரம்பித்தது. “உங்க பொண்ணு ரொம்ப ஸ்பெஷல்” என்றார்கள். மூன்றே மாதத்தில் மாற்றுச் சான்றிதழைக் கையில் திணித்தார்கள். ஏழு வயதாகியும் பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்கவில்லை, அதுதான் குற்றம்.

“பலமாம், பலம்! ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்” என்று கடிதத்தை மேசையில் எறிந்தாள்.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் சாவகாசமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போய்த்தான் கேட்டுட்டு வாயேன்.”

“உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க. போய் உக்காரப் போறது நான்.”

வியாழக்கிழமை போய் உட்கார்ந்தாள். எதிரே வகுப்பு டீச்சர், பக்கத்தில் மனநல ஆலோசகர். ஆலோசகர் சின்ன வயதுப் பெண். மடியில் ஒரு ஃபைல்.

“வீட்ல அவ எதைச் செஞ்சா நீங்க அசந்து போவீங்க?” என்று கேட்டாள் ஆலோசகர்.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. எதைச் சொன்னாலும் அந்த ஃபைலுக்குள் போகும். நாளைக்கு அதையே காட்டித் துரத்துவார்கள். “எல்லாம் மத்த புள்ளைங்க மாதிரிதான். நல்லாத்தான் இருக்கா” என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொண்டாள். டீச்சர் ஜன்னலைப் பார்த்தாள். ஆலோசகர் என்னவோ எழுதினாள். அந்தப் பேனா ஓடிய சத்தம் வீட்டுக்கு வந்த பிறகும் அம்மாவின் காதிலேயே இருந்தது.

அன்றிலிருந்து தினமும் பட்டாணியிடம் விசாரணைதான். “இன்னிக்கு என்னடி கேட்டாங்க?”

“ஒண்ணும் கேக்கலை. ரூமுக்குப் போனேன்.”

“எந்த ரூமு?”

“கீழ. சாமான் ரூமு.”

அடுத்த நாள் அம்மா வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். வகுப்பில் பட்டாணியின் இடம் காலியாக இருந்தது. யாரையும் கேட்காமல் மாடிப்படி இறங்கி ஓடினாள். படிக்கட்டுக்கு அடியில் ஒரு அறை. வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

உள்ளே, தொலைந்துபோய்க் கிடைத்த பொருள்கள் மலையாகக் கிடந்தன. ஒற்றை ஷூ, ஸ்வெட்டர், குடை, தண்ணீர் பாட்டில். நடுவில் பட்டாணி.

“இது உன்னுதில்லை. உன் பாட்டில் மூடியில பல்லு பட்ட தடம் இருக்கும்” என்று ஒரு பையனிடம் சொல்லி, வேறொன்றை எடுத்துக் கொடுத்தாள். பிறகு ஒரு அட்டையில் அவன் பெயரை, ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினாள்.

அம்மா அதைப் பார்த்தாள். ஆனாலும் கோபம் முந்திக்கொண்டது. “படிக்க அனுப்பின புள்ளைய மூட்டை பிரிக்கவா விட்டிருக்கீங்க?”

ஓரமாக உட்கார்ந்திருந்த ஆலோசகர் பதறி எழுந்தாள். பின்னாலேயே ஓடி வந்திருந்த டீச்சர்தான் மூச்சு வாங்கப் பேசினாள். “தினம் இருபது நிமிஷம்தாம்மா. அந்த அட்டையில உள்ள பேரையெல்லாம் இப்போ அவளே வாசிக்கிறா. நானும் முதல்ல இது வெட்டி வேலைன்னுதான் நினைச்சேன்.” கொஞ்சம் தயங்கி, ஆலோசகரைக் காட்டினாள். “மறைக்கக் கூடாது. முதல் மாசம் ஃபைல்ல, ‘வேற பள்ளிக்கூடம் பாக்கலாம்’னு எழுதினதே நான்தான். இவங்கதான் கூடாதுன்னு சண்டை போட்டாங்க. போன வாரம்தான் அதைக் கோடு போட்டு அடிச்சேன்.”

ஆக, சந்தேகம் வீணில்லை! அம்மா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆனால், தான் செய்ததைத் தானே முகத்துக்கு நேரே ஒப்புக்கொள்கிற ஆசிரியரை அவள் இதுவரை கண்டதில்லை.

“படியில யார் ஏறி வராங்கன்னு செருப்புச் சத்தத்தை வச்சே சொல்லிடுவா” என்றாள் மெதுவாக. “மேல்வீட்டுக்காரர் முழங்கால் வலியை யார்கிட்டயும் சொல்லலை. இவ நடையைக் கேட்டே கண்டுபிடிச்சா.”

“அன்னிக்கே ஏம்மா சொல்லலை?” என்றாள் ஆலோசகர்.

“சொன்னா, புள்ளைக்குக் கோளாறுன்னு எழுதிடுவீங்களேன்னு பயம்.”

பிறகு அம்மா எழுந்து, அடுத்த வருடமும் பிள்ளை இங்கேதான் படிப்பாள் என்று எழுத்தில் வேண்டும் என்றாள். டீச்சர் முகம் சுளிக்கவில்லை. அங்கேயே ஒரு தாளை எடுத்து எழுதினாள். தலைமையாசிரியரிடம் தானே போய்க் கையெழுத்து வாங்கி வந்தாள்.

“வாடி, வீட்டுக்குப் போலாம்” என்று அம்மா கையை நீட்டினாள்.

“நீ போம்மா. இன்னும் நாலு பேர் நிக்கிறாங்க” என்றாள் பட்டாணி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.