செல்லாத இருபத்தேழு சீட்டுகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு சிற்றிதழ்க்காரர் போன் செய்து, நம் தேர்தல் முறையை மாற்றத்தான் வேண்டுமா என்று ஒரு கட்டுரை கேட்டார். நானும் பெரிய ஆள் மாதிரி ஒப்புக்கொண்டேன். முதல் வரி இப்படி வந்தது:

பிரதிநிதித்துவ ஜனநாயகம் இன்று எதிர்கொள்ளும் முக்கியச் சவால்களுள்

வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது. இரண்டாவது முயற்சியை உத்திரமேரூர்க் கல்வெட்டில் தொடங்கினேன். குடவோலையை இழுக்காமல் தமிழில் ஜனநாயகம் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு; நானாவது அதை விட்டுவைக்கிறேன். மூன்றாவது முயற்சியில் என் கீழ்வீட்டு ஜெயஸ்ரீ உள்ளே வந்துவிட்டார். அதற்கப்புறம் கட்டுரை நகரவே இல்லை.

2

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது தெரு. நாற்பத்திரண்டு வீடுகள் உள்ள அடுக்ககம். நான் மூன்றாவது மாடி, ஜெயஸ்ரீ தரைத்தளம். ஐப்பசியில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை அடித்தால் வளாகத்துத் தண்ணீர் முழுக்க அவர் வீட்டுக்குள்தான் போகும். அவர் கணவர் சுகுமாருக்குப் பக்கவாதம் வந்து நான்கு வருடம் ஆகிறது, நடக்க முடியாது. போன மழையில் அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் மாடிக்குத் தூக்கினோம். வழி நெடுக அவர் "ஸாரி சார், ஸாரி சார்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

(இங்கே அவர் கண்ணீர் விட்டதாக எழுதியிருந்தேன். விடவில்லை. அடித்துவிட்டேன்.)

தேவை, ஒரு வடிகால். அதற்காகவே ஜெயஸ்ரீ போன வருடம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதவிக்கு நின்றார். இரண்டாவது மாடி குமரவேலும் நின்றார், அவரும் வடிகால்தான் என்றார். மூன்றாமவர் துரைராஜ், ஏற்கெனவே செயலாளர். அவருக்கு வாசலில் பெயர் பொறித்து ஒரு வளைவு வைக்க ஆசை. துரைராஜ் பதினாறு ஓட்டு, ஜெயஸ்ரீ பதினான்கு, குமரவேல் பன்னிரண்டு. வடிகால் கேட்டவர்கள் இருபத்தாறு பேர். ஜெயித்தது வளைவு.

இதைத்தான் கட்டுரையில் சொல்ல வந்தேன். பாதிக்கு மேற்பட்டவர்கள் வேண்டாம் என்று சொன்ன ஆள் மாலை போட்டுக்கொண்டு நன்றி சொல்லப் புறப்படுவது நம் நாட்டில் புதிதா என்ன? எதிர் ஓட்டு இரண்டாகப் பிரிந்தால் போதும்.

(துரைராஜை வில்லனாக்கிப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. என் மனைவிக்கு நெஞ்சுவலி வந்தபோது குரோம்பேட்டை ஆஸ்பத்திரி வரை தன் காரில் கூட்டிக்கொண்டு போய், டிஸ்சார்ஜ் ஆகும்வரை கூடவே இருந்தவர். கதைக்கு உதவாத நல்ல மனிதர்.)

3

என் எதிர் வீடு சுந்தரராமன், கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். இந்த வருடமும் அதே மூவர்தான் நின்றார்கள்; தேர்தல் அதிகாரி சுந்தரராமன். முறையை மாற்றினார். டிக் அடிக்கக் கூடாது. மூன்று பெயருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவது.

"ஜனாதிபதியையே இப்படித்தான் எலெக்ட் பண்றோம். நாப்பத்திரண்டு வீட்டுக்கு முடியாதா?" என்றார் பொதுக்குழுவில்.

எல்லோரும் கைதட்டினோம். ஜெயஸ்ரீ மட்டும் எழுந்து நின்றார். "இந்தத் தடவையும் வடிகால் வரலைன்னா வீட்டை வித்துட்டு ஊரப்பாக்கத்துல ஏதாவது மாடி வீடா பார்த்துப் போயிடறோம். இன்னொரு மழைக்கு இவரைத் தூக்கிவிடுங்கன்னு யார் வாசல்லயும் வந்து நிக்க என்னால முடியாது."

அதற்கு யாரும் கைதட்டவில்லை.

4

ஞாயிறு காலை, கார் நிறுத்துமிடத்தில் எண்ணிக்கை. ஓட்டு இல்லாத ஆள் என்பதால் காவலாளி எலியேசர் சீட்டைப் பிரித்துப் படித்தார்.

"துரைராஜ் சாருக்கு ஒண்ணு. ஜெயஸ்ரீ மேடத்துக்கு ஒண்ணு. குமரவேல் சாருக்கும் ஒண்ணு."

"அது செல்லாது. அடுத்தது," என்றார் சுந்தரராமன்.

"இதுலயும் மூணு ஒண்ணு கீது சார்."

பத்தாவது சீட்டுக்கு மேல் சுந்தரராமன் தலையை நிமிர்த்தவில்லை. எலியேசருக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னா சார் இது, அல்லாரும் அல்லாருக்கும் ஒண்ணு போட்டுகினு கீறாங்க! அப்போ இன்னாத்துக்கு சார் எலெக்ஷனு?"

ஏன் இப்படி ஆயிற்று என்று நான் நிறைய யோசித்தேன். டிக் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. எண் அப்படியில்லை. வாசல் பதிவேட்டில் தினம் வீட்டு எண்ணும் நேரமும் எழுதுகிறோம். யாருடைய இரண்டு வளையும், யாருடைய மூன்று நிமிரும் என்று இங்கே எல்லோருக்கும் அத்துப்படி. ஒன்றுதான் வெறும் கோடு. அதற்குக் கையெழுத்து கிடையாது.

இன்னொன்றும் உண்டு. ஒருவரை வேண்டும் என்று சொல்ல நமக்குக் கூச்சமில்லை. தினம் லிஃப்டில் "சாப்டாச்சா?" என்று கேட்கிற மனிதரை மூன்றாம் இடத்தில் வைத்து எழுதக் கை வருவதில்லை. நம் சீர்திருத்தவாதிகள் யாரும்

(இந்த வாக்கியத்தை முடிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்று பிறகு தெரியும்.)

செல்லாதவை இருபத்தேழு. செல்லுபடியான பதினைந்தில் துரைராஜுக்கு முதல் விருப்பம் எட்டு, ஜெயஸ்ரீக்கு ஐந்து, குமரவேலுக்கு இரண்டு. பாதிக்கு மேல் வந்துவிட்டதால் துரைராஜ் வெற்றி. பழைய முறையில் பதினாறு பேர் தேர்ந்தெடுத்த செயலாளரை, புதிய முறையில் எட்டுப் பேர் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

5

கதைக்கு ஒரு முடிவு யோசித்தேன்: துரைராஜ் மனம் மாறி, வளைவை நிறுத்திவிட்டு வடிகால் வெட்டுகிறார். நடக்கக் கூடியதுதான். ஆனால் இரும்புலியூர் கல்பட்டறையில் எழுத்துச் செதுக்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

இன்னொரு முடிவு: அன்று மாலையே வானம் கறுத்து

சே, சினிமா.

நடந்தது இதுதான். இன்று காலை ஜெயஸ்ரீ எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். எனக்கு எத்தனை போட்டீங்க?"

"உங்களுக்கு ஒண்ணுதாம்மா போட்டேன்."

பொய் இல்லை.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எனக்குத் தெரியும் சார். அந்த அஞ்சு பேர்ல கண்டிப்பா நீங்க இருப்பீங்கன்னு வீட்ல அப்பவே சொன்னேன்."

நான் தலையை ஆட்டினேன்.

"செல்லாத சீட்டு போட்டவங்க ஒருத்தர் எழுதிக் குடுத்தா போதுமாம், மறுபடி எலெக்ஷன் வெச்சிடறேன்னு சுந்தரராமன் சார் சொல்லியிருக்கார். நாளைக்கு சாயந்திரம் வரைக்கும்தான் டைம். இருபத்தேழு பேர்ல ஒருத்தர்கூட வாயைத் தொறக்க மாட்டேங்கறாங்க." படி இறங்கப்போனவர் திரும்பினார். "நீங்க கரெக்டா போட்டுட்டீங்க. உங்களால என்ன சார் பண்ண முடியும்?"

கதவைச் சாத்திவிட்டு மேசைக்கு வந்தேன். அசிங்கமாக இருந்தது.

6

எழுதிக் கொடுக்க வேண்டியது இரண்டு வரி: நான் மூவருக்கும் ஒன்று போட்டேன், மறுதேர்தல் வையுங்கள். அறிவிப்புப் பலகையில் என் பெயரோடு அதை ஒட்டுவார்கள். ஜெயஸ்ரீ படிப்பார். துரைராஜும் படிப்பார்.

அந்த இரண்டு வரிக்குப் பதிலாகத்தான் காலையிலிருந்து இவ்வளவு நீளத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். தேர்தல் முறையை மாற்ற வேண்டுமா என்று கேட்டவருக்கு, மாற்றத்தான் வேண்டும் என்று ஐந்து பக்கம் எழுத என்னால் முடியும். அது சுலபம்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் என்னை நல்லவனாக எழுதிவிடுவேன். அந்தச் சாமர்த்தியம் எனக்கு உண்டு. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதிர் வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கிறது. சுந்தரராமன் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.